இறந்தவர் கட்டத்தில் இருந்தவர்

உயிரோடு இருக்கும் யாருடைய பெயரையும் அந்தக் கட்டத்தில் நாங்கள் போட மாட்டோம். எங்கள் அலுவலகத்தில் இது யாரும் எழுதி ஒட்டாத சட்டம்.

புனேயின் ஹிஞ்சேவாடியில் வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் எங்களுக்கு ஒரு மூலை உண்டு. மருத்துவமனைகளுக்கு ஒரு வலைச்செயலி செய்து தருகிறோம். நோயாளியின் விவரத்தை ஒரு தடவை கொடுத்தால் போதும். சேர்க்கைப் படிவம், அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவம், வீட்டுக்கு அனுப்பும் படிவம் என்று எல்லா பிடிஎஃப்களும் தானாக நிரம்பி ஒரே கட்டாக வந்துவிடும். கட்டின் கடைசிப் பக்கம், உடலை ஒப்படைக்கும் படிவம். அது எல்லா நோயாளிக்கும் வரும். பிழைத்துப் போகிறவர்களுக்குக் காலியாக வரும், கவுன்டரில் இருப்பவர்கள் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். பல் பிடுங்க வருகிறவனுக்கு எதற்கய்யா அந்தப் பக்கம் என்று நான் எத்தனையோ மீட்டிங்கில் கத்திவிட்டேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த வெர்ஷன் வந்தபாடில்லை.

என் வேலை, நிரம்பாத கட்டத்தை நிரம்ப வைப்பதும் தப்பாக நிரம்பியதைத் திருத்துவதும்தான். பெயர் பாதியில் வெட்டுப்பட்டால், எழுத்துக்குப் பதில் சதுரம் சதுரமாக வந்தால், திரையில் தெரிவது காகிதத்தில் வராமல் போனால், புகார் என் தலையில் வந்து விழும். ஊர் மதுரை. வாழ்க்கைப்பட்டு வந்தது ஆகுர்டி. கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே பெயர் எனக்கு.

செயலியில் எதை மாற்றினாலும் கட்டு முழுவதையும் நிரப்பிச் சோதிக்க வேண்டும். நோயாளியின் பெயர் என்றால் வாய்க்கு வந்ததைப் போடுவோம். கடைசிப் பக்கம் வரும்போதுதான் விரல் நின்றுவிடும். இறந்தவர் பெயர், இறந்த நேரம், உடலைப் பெற்றுக்கொள்பவர், இறந்தவருக்கு அவர் என்ன உறவு. புதிதாக வந்த ஒருத்தி விளையாட்டாகத் தன் பெயரையே முதல் கட்டத்தில் போட்டாள். பக்கத்து இருக்கை மராத்திக்காரப் பெண் அவள் கையைத் தட்டிவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லி அனுப்பினாள். நான் சிரித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பெருமையாக வேறு சொன்னேன். ஆனால் என் முறை வந்தபோது என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேனா? என் எதிரியின் பெயரைக்கூடப் போடவில்லை.

எங்கள் டீம் லீட்தான் வழி சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பதவியில் எனக்கு மேலே, வயதில் எனக்குக் கீழே, அதனால் அவன் என்னை அக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன்.

"அக்கா, இவரைப் போட்டுக்கோங்க. இவரு எப்பமோ போய்ச் சேந்துட்டாரு. இனிமே இவருக்கு ஒண்ணும் ஆவாது" என்று ஒரு பெயரைத் தட்டச்சு செய்தான். தந்தை பெயரையும் போட்டான். நம்மூர்ப் பெயர்தான். குடும்பப் பெயர் கேட்கிற கட்டத்தில் ஒற்றை எழுத்து இனிஷியல் மட்டும் உட்கார்ந்திருந்தது. இறந்த நேரம் மாலை நாலு இருபது என்று போட்டான். உடலைப் பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, உறவு என்ற இடத்தில் 'தம்பி மகன்' என்று போட்டான். எல்லாம் அவன் சும்மா இட்டுக்கட்டியது என்றுதான் நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து அந்த மனிதர் எங்களுக்காகச் செத்துக்கொண்டே இருந்தார். வெர்ஷன் மாறும்போதெல்லாம் செத்தார். சில நாள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. எல்லாத் தடவையும் நாலு இருபதுக்கு. பெயர் அப்படிப் பழகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

பிடிஎஃப் படிவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. உள்ளே சேமித்து வைத்த எழுத்து ஒன்று. கண்ணுக்குத் தெரிவதற்காக அதன்மேல் வரைந்து வைத்த படம் ஒன்று. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சில சமயம் இருக்காது. உள்ளே அழித்திருப்போம், மேலே படம் அப்படியே இருக்கும். கட்டத்தைச் சுட்டியால் தொட்டால் எழுத்து மறைந்து காலியாகும், கையை எடுத்தால் திரும்ப வந்து நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்த அன்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். காரணம் தெரிந்த பிறகும் அந்தக் கூச்சம் முதுகுத்தண்டை விட்டுப் போகவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள் முற்பகலில் அந்தப் புகார் வந்தது. சிஞ்ச்வட் பக்கம் ஒரு மருத்துவமனை. இதய அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவருக்குப் படிவக் கட்டு அச்சானபோது கடைசிப் பக்கமும் நிரம்பி வந்திருக்கிறது. இறந்த நேரம் நாலு இருபது. அதைப் பெரியவர் பார்த்துவிட்டார். கையெழுத்துப் போட மறுக்கிறார். நோயாளியின் பெயர் என்ற இடத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தை பெயரும் அதேதான். இனிஷியலும் அதேதான்.

முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மூளை வேலை செய்தது. போன மாதம் சர்வரை மாற்றினோம். அப்போது எங்கள் சோதனைப் பதிவுகளும் நிஜப் பதிவுகளோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். பெயரும் தந்தை பெயரும் ஒத்துப்போனால் பழைய நோயாளி என்று நினைத்து, இருக்கிற விவரத்தையெல்லாம் எடுத்து நிரப்புவது எங்கள் செயலியின் வழக்கம். அந்த வசதியை விற்பனைக்காரர்கள் ரொம்பப் பெருமையாகச் சொல்லுவார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு மனிதன் இந்தப் புனேயில் எப்படி வந்தான்?

லீட் அன்று காலை முழுக்க வாடிக்கையாளர் மீட்டிங்கில் இருந்தான். மேனேஜர் என்னிடம், "நீங்களே நேரா போங்க, அவர் தமிழ்தான் பேசறாராம், கோபத்துல வேற எதுவும் வரலையாம்" என்று இந்தியில் சொன்னார். கோபக்காரருக்குக் கோபக்காரியை அனுப்புகிறார்கள். கம்பெனி கேப் பிடித்து, வாகட் பாலத்தில் ஊர்ந்து, மழையில் நனைந்த தார்ப்பாய் போர்த்திய லாரிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தேன்.

வார்டு வாசலில் அவர் மகள் காத்திருந்தாள். முப்பதைத் தாண்டியவள். ஆகுர்டியில் பிறந்து வளர்ந்தவள், அம்மா மராத்திக்காரர், இப்போது இல்லை. அவள் தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது, அப்பாவை பாபா என்றும் அம்மாவை ஆயி என்றும் மராத்தியில்தான் சொன்னாள்.

"அக்கா, பாபா சைன் பண்ணவே மாட்டேங்கறார். டாக்டர் சொல்றார், நாளைக்குப் பண்ணலைன்னா கஷ்டம்னு. மூணு இடத்துல அடைப்பு. எப்ப வேணா நின்னுடும்னு சொல்றார்." சொல்லும்போதே அழுதாள். "ப்ளீஸ், அந்த பேப்பரை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. எனக்கு பாபா மட்டும்தான் இருக்கார்."

பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாகனத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த உடம்பு. மடியில் அந்தக் கடைசிப் பக்கம். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"நீதான் இந்த மெஷின்காரியா?" என்றார்.

"ஆமாங்கய்யா. தப்பு நடந்துபோச்சு. இது சும்மா சோதனைக்குப் போட்ட விவரம். உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"செத்த நேரத்தப் பத்தி நான் கேக்கலம்மா. எல்லாரும் ஒரு நேரத்துல போறதுதான்." விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "உடம்ப வாங்கிக்கிடுதது தம்பி மகன்னு போட்டிருக்கு. எனக்குத் தம்பி உண்டுன்னு இந்தக் காயிதத்துக்கு யாரு சொன்னா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்தாள்.

"பாபா, உங்களுக்கு யாருமே இல்லைன்னு சொன்னீங்க?"

"நான் இவகிட்டச் சொன்னதில்ல. இவ அம்மாவுக்குத் தெரியும், அவளும் போயிட்டா. இந்த ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்பம் இதுக்கு எப்படித் தெரிஞ்சிது? அதச் சொல்லு. சொல்லிட்டா கையெழுத்துப் போடுதேன்."

அந்த 'போடுதேன்' என் காதில் வேறு யாருடைய குரலிலோ விழுந்தது. அப்போது யாருடையது என்று பிடிபடவில்லை.

"முதல்ல இதைத் துடைச்சிட்டு வர்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கீழே கவுன்டருக்கு ஓடினேன். எனக்கு என்ன தெரியுமோ அதைத்தானே செய்ய முடியும்.

அவர் பதிவைத் திறந்தேன். எங்கள் சோதனைப் பதிவுகளோடு அது ஒட்டிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டேன். கட்டங்களின் பெயரையும் உள்ளே இருக்கும் எழுத்தையும் வரிசையாகக் கொட்டிக் காட்ட என்னிடம் ஒரு சின்ன நிரல் உண்டு. அதை ஓட்டினேன். இறந்த நேரம், காலி. பெற்றுக்கொள்பவர், காலி. உறவு, காலி. அப்பாடா என்று அச்சடித்தேன்.

காகிதத்தில் நேரம் போயிருந்தது. பெற்றுக்கொள்பவர் பெயர் போயிருந்தது. 'தம்பி மகன்' மட்டும் இருந்தது.

கவுன்டர் பெண் எட்டிப் பார்த்து, "மேடம், நீங்க அழிச்சீங்கதானே?" என்றாள். அழித்தேன்தானே. திரையில் அந்தக் கட்டத்தைத் தொட்டேன், காலியானது. கையை எடுத்தேன், வந்து நின்றது. தொட்டேன், போனது. எடுத்தேன், வந்தது. பேஸ்மென்ட்டில் எங்கோ ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.  படம்தான், பழைய படம்தான், எனக்குத் தெரியாதா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். வேறு கட்டங்களின் படமெல்லாம் ஒழுங்காகப் போனபோது இது மட்டும் ஏன் போகவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எல்லாக் கட்டங்களின் படத்தையும் மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதை வைத்துப் புதிதாக வரையச் சொன்னேன். மறுபடி அச்சடித்தேன். இந்தத் தடவை பக்கம் சுத்தமாக வந்தது. சட்டமும் கோடும் மட்டும்.

மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொடச்சிட்டா இல்லன்னு ஆயிருமா? யாரோ போட்டதாலதான வந்துது. யாரு போட்டா?"

மகள், "பாபா, பஸ், போதும்" என்று அவர் கையைப் பிடித்தாள். "டாக்டர் சாயங்காலத்துக்குள்ள சொல்லச் சொல்லியிருக்கார். சாயங்காலம் ஆகப் போகுது."

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் அவர், என்னைப் பார்த்து. "இவ அம்மாவக் கல்யாணம் பண்ணி ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். வேற சாதி, வேற பாஷை. எங்கய்யா உள்ள விடல. நான் தெருவுல நிக்கேன், புதுச் சேல கட்டிட்டு இவ அம்மா பக்கத்துல நிக்கா. எங்கய்யா ஒரு கொடம் தண்ணியத் தோள்ல வச்சுக் கொண்டாந்து வாசல்ல போட்டு ஒடச்சாரு. கொள்ளிக்கொடம் ஒடைக்கதாம். எல்லாரும் தல முழுகினாவ. தம்பி சின்னவன், அழுதுக்கிட்டே அவனும் முழுகினான். நான் ஈரத் தெருவுல நின்னு பாத்துட்டுத் திரும்பினேன். அன்னைலேருந்து அங்க நான் பொணம். அதான் கேக்கேன், அங்க உள்ளவன் யாரு இங்க வந்து என் பொணத்த வாங்க நிக்கான்?"

அப்போதுதான் அந்த 'கேக்கேன்' எங்கள் லீடின் பேச்சு என்று எனக்கு உறைத்தது. வராந்தாவுக்கு வந்து லீடுக்குப் போன் போட்டேன். கோபமாகவே பேசினேன்.

"ஏம்ப்பா, அந்த டெஸ்ட்டுக்குப் போடுவோமே, அந்தப் பேரு யாரோடது?"

"ஏங்க்கா?"

"சொல்லித் தொலைப்பா!"

"எங்க பெரியப்பாவோடது. அப்பாவோட அண்ணன். வடக்க வேலைக்குப் போன எடத்துல செத்துட்டாவளாம், நான் பொறக்கதுக்கு முன்னாலயே. உசுரோட இருக்கவங்க பேரப் போட மனசு வரலக்கா, அதான் அவிய பேரப் போட்டேன்."

"எப்படிச் செத்தாரு?"

"தெரியாதுக்கா. அப்பா அதப் பேச மாட்டாவ. ஆச்சியும் பேச மாட்டாவ. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஆத்துல எள்ளும் தண்ணியும் எறைப்பாவ, வீட்டுல எல போட்டுப் படைப்பாவ. அப்பம் பேரச் சொல்லுவாவ, தாத்தா பேரச் சொல்லி, அவிய பேரச் சொல்லி. அதக் கேட்டுத்தான் எனக்கு மனப்பாடம். ஏங்க்கா, என்ன ஆச்சு?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். "உங்க பெரியப்பா இங்க கட்டில்ல உக்காந்திருக்காரு தம்பி. உடனே கிளம்பி வா."

 லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "வாரேன்" என்றான்.

பைக்கில் நனைந்து வந்து நின்றான். வார்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகம் அப்படியே பெரியவர் முகம் இல்லை. ஆனால் ஏதாவது யோசிக்கும்போது லீட் இடது காது மடலைச் சுருட்டிக்கொள்வான், அதை வைத்து நாங்கள் ஆபீஸில் அவனை எவ்வளவு ஓட்டியிருக்கிறோம். வாசலில் நின்று அவன் காது மடலைச் சுருட்டினான். கட்டிலில் பெரியவரின் கை அதற்கு முன்பே தன் காதில் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தபடி இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"நீதான் என்னைய வாங்க வந்தவனா?" என்றார் பெரியவர்.

"பெரியப்பா, நீங்க இல்லன்னு நெனச்சுத்தான்..." என்றான் அவன்.

"எம் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா வருஷா வருஷம் சொல்லுவாவ."

"சொல்லுவானா?" என்றார். பிறகு அந்தச் சுத்தமான காகிதத்தை அவனிடம் நீட்டினார். "இந்தப் பொண்ணு இதுல என்னைய உசுராக்கிட்டா. அங்க இன்னும் பொணமாத்தான் கெடக்கேன். அவனக் கூப்பிடு. அங்கயும் மாத்தச் சொல்லு. அப்பறம் அறுக்கட்டும்."

லீட் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் எடுத்த குரல், சாப்பிட்டியாய்யா என்று ஆரம்பித்தது.

"அப்பா, நான் சொல்லுதத நிதானமாக் கேளுங்க. பெரியப்பா சாகல. இந்தா பக்கத்துல இருக்காவ."

 மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "யாரலே கூட வச்சுக்கிட்டு வெளையாடுத? செத்தவங்கள வச்சு வெளையாடாத" என்றது குரல், பயத்தோடு. அந்தப் பயத்தை நான் புரிந்துகொண்டேன். ஆயுள் முழுக்க யாருக்குத் தண்ணீர் இறைத்தோமோ அவர் திடீரென்று போனில் வந்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது?

பெரியவர் போனை வாங்கி வாய்க்கு அருகில் வைத்தார்.

"ஏலே, இன்னும் இடது கையிலதான் திங்கியா? அய்யா அடிச்சும் மாறலியா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று முதலில் தெரியவில்லை. "அண்ணே" என்றது. அண்ணே, அண்ணே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. "நீ செத்துட்டன்னு தாக்கல் வந்துதுன்னு அய்யா சொன்னாரு. நம்பிட்டேனே. உசுரோட இருக்கவனுக்கு எள்ளு எறச்சேனே. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை ஒனக்கு எல போட்டுச் சோறு வச்சேனே. பாவி ஆயிட்டேனே."

"ஆடி அமாவாசைக்கா?" பெரியவர் மகள் பக்கம் திரும்பினார்.

அவள் ஏற்கெனவே சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "அக்கா," என்று என் கையைப் பற்றினாள். "அன்னைக்குத்தானே இங்க தீப அமாவாசை? வீட்டு விளக்கெல்லாம் தேய்ச்சு, வெல்லம் போட்டு மாவுல விளக்கு செய்வோம், அவிச்சு, நெய் ஊத்திச் சாப்பிடுவோம். ஆயி எவ்வளவு கெஞ்சுவா. பாபா தொடவே மாட்டார். அன்னைக்குக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டார். வயிறு ஃபுல்லா இருக்குன்னு சொல்லுவார். எவ்ரி இயர். நாங்க ஏதோ விரதம்னு நினைச்சோம்."

"விரதமெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் பெரியவர் மெதுவாக. "பசிக்காது. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் பசிக்கவே பசிக்காது. யாரோ ஊட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஏன்னு தெரியாது."

 ஜன்னல் ஏசியில் இருந்து தண்ணீர் சொட்டியது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அது அன்றைக்கு வறண்டு போயிருந்தது.

பெரியவர் போனில், "ஏலே, அழாத. கேளு. இனிமே எனக்கு எறைக்காத. எல போடாத. ஒரு பருக்க வைக்காத. எனக்குப் பசிக்கட்டும்" என்றார்.

"சரிண்ணே" என்றது அந்தப் பக்கம்.

பேனா கேட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு, பக்கத்தில் உறவு என்று ஒன்று. லீட் தன் பெயரைக் கையால் எழுதிவிட்டு உறவுக் கட்டத்தில் கொஞ்சம் தயங்கினான். "எழுதுல, அதான் மெஷினே சொல்லிட்டுதே" என்றார் பெரியவர். அவன் எழுதினான். தம்பி மகன்.

மறுநாள் காலையில் பெரியவரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். பிற்பகலுக்குள் முடிந்துவிடும் என்றவர்கள் முடிக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். நானும் லீடும் மகளும் வெளியே இரும்பு நாற்காலிகளில் இருந்தோம். மகளுக்குப் படிவத்தில் வந்த அந்த நேரம் நினைவில்லை போல. எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது, இருவரும் அதைப் பேசவில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். எத்தனை தடவை என் விரலால் நாலு இருபது என்று தட்டியிருப்பேன்? முள் அங்கே வந்தபோது சரியாகக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி கையில் காகிதத்தோடு வந்து அவர் பெயரைச் சொல்லி, நெருங்கிய சொந்தம் யார் என்றாள். லீடால் எழ முடியவில்லை. நான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

மருந்துச் சீட்டு. கீழே கடையில் வாங்கி வரச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள் பாவம், ஆனாலும் முறைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் டாக்டர் வந்து, நன்றாக முடிந்தது என்றார். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். லீட் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் சோதனைப் பதிவுகளை ஒன்று விடாமல் அழித்தோம். உள்ளே இருந்ததையும் அழித்தோம், மேலே வரைந்ததையும் அழித்தோம். கடைசிப் பக்கத்தைக் கட்டிலிருந்து தனியே எடுக்கும் வேலையும் அப்போதுதான் நடந்தது. மீட்டிங்கில் இந்தத் தடவை நான் கத்த வேண்டியிருக்கவில்லை, லீட் கத்தினான். இறந்தவர் பெயர்க் கட்டத்தில் இப்போதெல்லாம் சோதனைக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போடுகிறோம். அதைத் தட்டும்போதும் இது யாருக்காவது பெயராக இருக்குமோ என்று எனக்கு ஒரு நொடி விரல் நின்றுதான் போகிறது.

பெரியவரின் தம்பி ஊரிலிருந்து ரயிலேறி வந்தார், அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுப் போனார். அதெல்லாம் அவர்கள் குடும்பத்து விஷயம், நான் போகவில்லை.

மறுவருடம் மழை பலமாக இருந்த ஒரு மதியம், ஆபீஸில் ஒரு கட்டம் இரண்டாக அச்சாகிற பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மகளிடமிருந்து போன் வந்தது. எதிர்முனையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?"

தெரியவில்லை என்றேன்.

"தீப அமாவாசை. நான் மாவு விளக்கு செஞ்சேன், ஆயி செய்யற மாதிரி. பாபா காலையிலயே கிச்சன்ல வந்து நிக்கறார் அக்கா. ஒரு தட்டு காலி பண்ணிட்டார். இன்னும் கேக்கறார்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டும் சேர்ந்தே வந்தன. "நெஞ்சைப் பிளந்து தைச்ச மனுஷனுக்கு வெல்லமும் நெய்யுமா? உனக்கு அறிவிருக்கா? தட்டைப் பிடுங்கி வையி!"

"சொன்னேன் அக்கா" என்றாள் அவள். "கேக்க மாட்டேங்கறார். பசிக்குதுங்கறார்."